புளொக்கில் பூட்டிய பித்தளைத் தகடு

நீங்கள் கொடுத்தது பெரிய எஞ்சின் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொடுத்தீர்கள்.

இதை விழாக்குழுக் கூட்டத்தில் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. அழகாக எழுதவேண்டிய விஷயமும் இல்லை இது.

தெரியாதவர்களுக்காக முதலில் லொறியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் செய்த பழைய லொறி. வட்ட மூக்கு, பாரம் ஏற்றும் பின்பக்கப் பொடி மரத்தால் செய்தது. அண்ணன் அதைத் துறைமுகத்து ஏலத்தில் எடுத்தார். பிறகு கனடாவுக்குப் போகும்போது, "வித்துப்போடு, ஆம்பிளையளே ஓட்டப் பயப்பிடுற சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விற்கவில்லை. கனரக லைசன்ஸ் எடுத்தேன். புறக்கோட்டையில் வெங்காயமும் மாவும் ஏற்றி, கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைக் கடைகளுக்கும் இறக்குகிறேன். சில நாட்களில் நுகேகொடை வரை போவேன். என் சோறு அந்த லொறியில்தான்.

வருடத்தில் ஒரு நாள் அதில் வெங்காயம் ஏறாது. எங்கள் ஒழுங்கை முனைச் சிற்றாலயத்துத் திருநாளன்று மாதா சொரூபம் ஏறும். கண்ணாடிக் கூடு, பூச்சோடனை, ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பெட்டிகள், பாடகர் குழு எல்லாம் அதன் மேலே. பின்னால் தேவதூதர் மாதிரிச் சம்மனசு உடுப்போடு சின்னப் பிள்ளைகள், செட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். நடை வேகத்துக்குமேல் லொறி போகக் கூடாது. சந்திக்குச் சந்தி நிறுத்திச் செபம் சொல்வார்கள். ஆலயத்துக்குத் திரும்பும் ஏற்றத்திலும் நிறுத்துவார்கள், ஏனென்றால் அந்த ஏற்றத்து வீட்டுக்காரர்களுக்கும் மாதா நின்று போகவேண்டும். அவ்வளவு பாரத்தோடு ஏற்றத்தில் நின்று, மறுபடி முதலாம் கியரில் எடுக்க வேண்டும். சத்தம் போட்டு ஓடும் எஞ்சின் அதற்கு உதவாது. அடியில் இழுவை உள்ள எஞ்சின் வேண்டும்.

போன வருடம் அந்த ஏற்றத்தில் பழைய பெட்ரோல் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்கின் பலமும் பாதி போய்விடும். லொறி பின்னால் உருண்டது. அதிக தூரம் இல்லை, ஒரு ஆள் நீளம் இருக்கும். யாரோ கல்லைத் தூக்கிச் சில்லுக்கு வைத்தார்கள். கூடு சரிந்து, பாடகர் குழுவில் இருந்த ஒருவர் அதைத் தோளால் தாங்கினார். பின்னால் சம்மனசுகள் அழுதுகொண்டு ஓடினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அந்த வெள்ளைச் செட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உங்களைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பிறந்தவர் நீங்கள். பஞ்சிகாவத்தையில் லொறிச் சாமான் கடை வைத்திருந்தீர்கள். கடையை மூடிவிட்டு வெள்ளவத்தையில் கடலோரம் ஃபிளாட் எடுத்துப் போனீர்கள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் எங்கள் ஆலயத்துக்கே காரில் வருவீர்கள். விழாக்குழுத் தலைவர் நீங்கள்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள்தான்.

நீங்கள் கொடுக்கிற ஆள். அதை நான் மறுக்கவில்லை. ஆலயத்து மின்விசிறியில் உங்கள் குடும்பப் பெயர் சிவப்பில் எழுதியிருக்கிறது. ஓடாமல் நின்றால் வாசிக்கலாம். உட்காரும் வாங்கின் முதுகில் பெயர். மைக் ஸ்டாண்டில் பெயர். ட்யூப் லைட்டில் எழுதியிருக்கும் பெயர் பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். கொடுத்தால் பெயர் தெரியவேண்டும், அதுவும் பூசைக்கு வருகிற எல்லோர் கண்ணிலும் படவேண்டும். இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றும் தேவைப்படும். அண்ணன் போன புதிதில், நான் கூலிக்கு ஓட்டிய வேறொரு லொறியின் எஞ்சினுக்கு, எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் கஸ்கட் வாங்க உங்கள் கடைக்கு வந்தேன். எந்த லொறி என்று சொன்னேன், நீங்கள் தரவில்லை.

"எஞ்சின் உடம்பிலை, புளொக்கிலை, எழுத்து வார்த்திருக்கும். அதைப் பாத்துக்கொண்டு வாரும்" என்றீர்கள்.

"எங்கை அண்ணை இருக்கும்?"

"இடப்பக்கம், ஸ்டார்ட்டருக்கு மேலை. அடிச்ச நம்பரை நம்பாதையும், அதை எவனும் அடிப்பான். வார்த்த எழுத்தை மாத்த ஏலாது. அது இல்லாமல் ஆருக்கும் நான் சாமான் குடுக்கிறேல்லை."

திரும்பிப் போய், லொறிக்கு அடியில் படுத்து, முகத்தில் கிறீஸ் ஒழுக அந்த எழுத்தைப் பார்த்து வந்தேன். அதன் பிறகுதான் கஸ்கட் தந்தீர்கள். எஞ்சினை அடையாளம் காண எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

போன திருநாள் முடிந்து நடந்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், லொறிக்கு வேறு எஞ்சின் போடவேண்டும் என்று. ஜப்பான் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர். நானும் அதையே கேட்டேன். ஆனால் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன்.

"அந்த எஞ்சினிலை ரெண்டு இருக்கு. சின்னதும் இருக்கு, பெரிசும் இருக்கு. வெளியிலை பாத்தால் ரெட்டைப் பிள்ளையள் மாதிரி. எங்களுக்குப் பெரிசுதான் வேணும். சின்னது அந்த ஏத்தம் ஏறாது."

நீங்கள் சிரித்தீர்கள். "தங்கச்சி எனக்கு எஞ்சின் படிப்பிக்கிறா. இரும் அம்மா, இரும். அதுகளை வித்துத்தானே நான் தாடி நரைச்சனான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கையைத் தூக்கினீர்கள். "ஒருத்தரும் ஒண்டும் தரவேண்டாம். அம்மான்ரை ஞாபகமா நான் தாறன். பெரிய எஞ்சின்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பலமாகத் தட்டினேன்.

எஞ்சின் வந்தது ஒரு ஞாயிறு. பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்து, ஒரு சின்ன லொறியில் மாலை போட்டுக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினீர்கள். தலை முதல் அடி வரை வெள்ளி நிறப் பெயின்ட். சிவப்பு ரிப்பன். ஃபாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கிழவிகள் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அன்ட்டி அதன் மேல் மெழுகுதிரி கொளுத்தி வைக்கப் போனா.

"அன்ட்டி, அதுக்குள்ளை டீசல் கிடக்கும்" என்றேன்.

"மாதா பாத்துக்கொள்ளுவா பிள்ளை."

"மாதா பாப்பா, ஃபயர் பிரிகேட் பாக்காது. தள்ளி வையுங்கோ."

நீங்கள் மைக்கைப் பிடித்து அம்மாவைப் பற்றிப் பேசினீர்கள். குரல் தழுதழுத்தது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். கடைசியில் சொன்னீர்கள்: "அம்மான்ரை பேர் போட்ட தகடு இதிலை இருக்கு. அதை வேறை ஆரையும் தொட விடேல்லை. எந்த இடம் எண்டு பாத்து என்ரை கையாலைதான் பூட்டினனான்."

தகட்டைத் தேடினேன். முன்பக்கம் இல்லை. மேலே மூடியிலும் இல்லை. இடது பக்கம், ஸ்டார்ட்டருக்கு மேலே, நான் குந்தியிருந்து கழுத்தைத் திருப்பித்தான் வாசிக்க முடிந்தது. வாசித்து, சிலுவை போட்டு எழும்பினேன். ஒன்றும் யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்களின் பிழை இது. திரீவீலர் வாங்கினாலும் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் முதலில் கோயிலில் மந்திரிப்போம். பிறகுதான் வீட்டில் வைத்துத் திருப்பிப் பார்ப்போம். அதில் குறை கண்டால் வாய் திறக்கமாட்டோம். மந்திரித்த சாமானை எப்படித் திருப்பிக் கொடுப்பது? உங்களுக்கும் இது தெரியும். நீங்களும் எங்களில் ஒருவர்தானே.

எஞ்சினை நான் வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் முஸ்லிம். என் லொறியை அவர்தான் பார்ப்பார். சுற்றி நடந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"கலியாணப் பொண்ணு மாதிரி சோடிச்சி ஈக்குது. யார் செஞ்ச?"

"தலைவர்."

"இந்தப் பெயின்ட்ட கொஞ்சம் சுரண்டிப் பாப்பமா? என்ஜின் மாத்தினா மோட்டார் திணைக்களத்துல நம்பர் எடுப்பானுவள். பேப்பர வெச்சி பென்சிலால தேய்ச்சிப் பாப்பானுவள். நம்பர் ஒழுங்கா ஈக்கணும்."

இருவரும் சுரண்டினோம். நம்பர் அடிக்கும் தட்டையான இடத்தில் அரத்தால் ராவிய கோடுகள் குறுக்கும் மறுக்கும் தெரிந்தன. அதன்மேல் புது எழுத்து. ஓர் எழுத்து சரிந்து நின்றது, மற்றொன்று ஆழமாக இறங்கியிருந்தது. தொழிற்சாலையில் அப்படி அடிக்கமாட்டார்கள்.

"களவு எஞ்சினோ?" என்றேன். லொறி என் பெயரில் இருக்கிறது. பொலிஸ் பிடித்தால் தலைவரைப் பிடிக்காது.

"களவெண்டே செல்ல ஏலா தங்கச்சி. சின்னதப் பெருசெண்டு காட்டவும் இப்பிடி அடிப்பானுவள். வார்த்த எழுத்தப் பாத்தா தெரிஞ்சிரும்." அவர் இடது பக்கம் போனார். குனிந்தார். நிமிர்ந்தார். "தகடு மேல ஈக்குது."

"கழட்டுங்கோ."

"மௌத்தாப் போய்ச் சேந்தவங்கட பேரு. நான் கை வெக்க மாட்டேன். நீங்களும் அவசரப்பட வாணாம். வேற வழி ஈக்குது."

அந்த வழி இதுதான். கராஜில் ஒரு டிப்பர் லொறியின் எஞ்சின் கிடந்தது. அதே குடும்பத்துப் பெரிய எஞ்சின். முன்பு அவரே திருத்தி விற்று, இப்போது பழுதுக்கு வந்தது என்பதால் அதில் சந்தேகம் இல்லை. அதன் முதல் சிலிண்டரில் இன்ஜெக்டரைக் கழற்றினார். அந்த ஓட்டைக்குள் நீளமான வெல்டிங் கம்பி ஒன்றை இறக்கினார். கம்பியின் அடி பிஸ்டன் தலையில் முட்டி நின்றது. நான் முன்னாலுள்ள பெல்ட் சக்கரத்தில் இரும்புத் தடி போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினேன். பிஸ்டன் ஏற, கம்பி ஏறியது. ஆக மேலே வந்ததும் ஓட்டை விளிம்பை ஒட்டிக் கம்பியில் ஒரு கீறல் போட்டார். ஆகக் கீழே போனதும் இன்னொரு கீறல். இரண்டு கீறலுக்கும் இடையில் உள்ள தூரம்தான் பிஸ்டன் ஓடும் தூரம்; பெரிய எஞ்சினில் அது கூட, சின்னதில் குறைவு. அதை நம்பர் அடிப்பவன் மாற்ற முடியாது. பெயின்ட் அடிப்பவனும் மாற்ற முடியாது.

பிறகு நீங்கள் தந்த எஞ்சினில் அதே வேலை. முதல் தடவை கம்பி கரியில் சிக்கிப் பிழையான இடத்தில் நின்றது. அளவு டிப்பர் எஞ்சினோடு சரியாக இருந்தது. நான் துள்ளினேன். "பாத்தீங்களோ பாஸ், பெரிசுதான்! நாங்கள்தான் வீணா அந்த மனிசனைச் சந்தேகப்பட்டிட்டம்." உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். உங்களைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

பாஸ் சந்தோஷப்படவில்லை. "இன்னொருக்கா சுத்துங்க."

மறுபடி சுற்றினேன். அடுத்த சிலிண்டரிலும் செய்தோம். அதற்கடுத்ததிலும். கம்பி எங்கும் சிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கீறல்களின் இடைவெளி டிப்பர் எஞ்சினைவிட ஒரு விரல் அகலம் குறைவாகவே இருந்தது. அது சின்ன எஞ்சின்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பாஸ் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியும். பூசை முடிந்து போகும்போது என் கையில் டொஃபி வைத்துவிட்டுப் போகிற மனுஷி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தகட்டைக் கழற்றினேன். அதன் அடியில் வெள்ளிப் பெயின்ட் இல்லை, பழைய பச்சைதான் இருந்தது. அந்தப் பச்சையில் புளொக்கோடு சேர்த்து வார்த்த எழுத்துப் புடைத்து நின்றது. தகட்டின் ஓரத்தைவிட ஒரு நூல்கூட வெளியே நீளவில்லை. அளவெடுத்துச் செய்த தகடு.

சின்ன எஞ்சினின் எழுத்து அது. படம் எடுத்தேன்.

கூட்டத்துக்குக் கம்பியையும் தகட்டையும் கொண்டுபோனேன். தகட்டை என் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன், மரியாதையாக. அதை விரித்ததும் நீங்கள் எழும்பினீர்கள்.

"என்ரை அம்மான்ரை பேரைக் கழட்டினீரோ?"

"கழட்டினனான். அதுக்குக் கீழை என்ன இருக்கெண்டு பாருங்கோ."

"மந்திரிச்ச எஞ்சினிலை கத்தி வைச்சவள் நீர். வெக்கமில்லையோ?"

"அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லுங்கோ அண்ணை."

"எழுத்தோ? என்ன எழுத்து? வார்த்த எழுத்து எண்டு ஒண்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது. கடைக்காரன் பெரிசெண்டு தந்தான், வாங்கினன்."

இந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எஞ்சினுக்காக வந்த கோபம் இல்லை. கிறீஸ் வழிய வழிய என்னை லொறிக்கு அடியில் படுக்கவைத்த அதே வாய், அந்த எழுத்தே தெரியாது என்கிறது. தெரியாது என்றால் என் கஸ்கட்டை ஏன் அன்று தராமல் விட்டீர்கள்?

கேட்டேன். குழுவில் ஒருவர் தேத்தண்ணீர் கோப்பைகளை எண்ணத் தொடங்கினார். நீங்கள் ஃபாதரைப் பார்த்தீர்கள். "ஃபாதர், நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் மந்திரிச்ச பொருளைப் பொய் எண்டுறா."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மந்திரிச்சது எஞ்சினை. நம்பரை இல்லை" என்றார். திருநாள் நெருங்குகிறது, சமாதானமாகப் போங்கள் என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து கதை மாறிவிட்டது. மாதாவை ஏற்ற மறுத்தவள் நான். தானமாகக் கொடுத்த பொருளில் குறை பிடித்தவள் நான். செத்தவரின் பெயரைப் பிடுங்கியவள் நான். ஞாயிறு பூசையில் நான் உட்கார்ந்தால் வாங்கு காலியாகிறது. மெழுகுதிரி அன்ட்டி மட்டும் தள்ளிப்போகவில்லை. காதுக்குள் கேட்டா: "பிள்ளை, உண்மையிலை சின்னதோ?"

"ஓம் அன்ட்டி."

"அப்ப அந்த ஏத்தத்திலை?"

"போன முறை மாதிரித்தான். இல்லாட்டி அதைவிட மோசம்."

அவவின் பேத்தி இந்த வருடம் சம்மனசு.

நான் மறுத்தது மாதாவை இல்லை. அந்த எஞ்சினை. பாஸ் என் பழைய எஞ்சினையே பிரித்து ரிங் மாற்றித் திரும்பப் பூட்டித் தந்தார். புகை விடுகிறது. வெங்காயம் ஏற்றி இறக்கப் போதும். அந்த ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க அதையும் நான் நம்பமாட்டேன், அதனால் இந்த வருடம் மாதா என் லொறியில் ஏறமாட்டா. உங்கள் குழு வேறு லொறி பிடித்திருக்கிறதாம். பிடியுங்கள். பிடிக்குமுன் அதன் பிரேக்கைப் பாருங்கள். அந்த லொறி அந்த ஏற்றம் ஏறுமா என்று கேளுங்கள். மந்திரிக்குமுன் கேளுங்கள்.

எனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று தெரியாது. விற்காமல் உங்கள் ஸ்டோரில் கிடந்த எஞ்சினாக இருக்கலாம். பெரியது கிடைக்காமல் போய், கைதட்டு வாங்கிவிட்ட பிறகு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் என்னிடம் வந்து, "தங்கச்சி, பெரிசு கிடைக்கேல்லை" என்று சொல்லியிருக்கலாம். நான் உங்களைத் திட்டியிருப்பேன், பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். நீங்கள் அதைச் செய்யவில்லை. அம்மாவின் பெயரை எடுத்து எழுத்தை மூடினீர்கள். அந்தப் பிள்ளைகளை அந்த ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் நடக்கவிட்டிருப்பீர்கள்.

வருகிற ஞாயிறு லொறியோடு வருகிறேன். உங்கள் எஞ்சின் பொடிக்குமேல் இருக்கும், இடது பக்கம் சனத்தைப் பார்க்க. கீறல் போட்ட கம்பியும் கூட இருக்கும். தகட்டைத் துடைத்து ஃபாதரிடம் கொடுத்துவிட்டேன். அதை ஆலயத்துக்குள் நல்ல இடத்தில், உங்கள் அம்மாவை எல்லோரும் வாசிக்கிற இடத்தில், பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பதில் சொல்லவேண்டாம். போன் எடுக்கவேண்டாம், ஆள் அனுப்பவேண்டாம். உங்கள் பெயர் எழுதிய மைக் ஸ்டாண்டை முற்றத்துக்கு எடுத்துவந்து, போன வருடம் அழுதுகொண்டு ஓடிய பிள்ளைகளின் தாய் தகப்பன் முன்னால் நின்று சொல்லுங்கள். மின்விசிறியிலும் வாங்கிலும் ட்யூப் லைட்டிலும் எல்லோர் கண்ணிலும் படப் பெயர் போட்ட நீங்கள், அம்மாவின் பெயரை மட்டும் ஒருவர் கண்ணிலும் படாத அந்த இடத்தில் ஏன் உங்கள் கையாலேயே பூட்டினீர்கள்?